நார்மலா, சிசேரியனா?

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை பெற்றால், பிரெட் பாக்கெட்டும் ஆப்பிளும் எடுத்துக்கொண்டு பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், என்ன குழந்தை. அடுத்த மூச்சிலேயே, நார்மலா, சிசேரியனா. எடை எவ்வளவு, யார் ஜாடை, பால் குடிக்கிறதா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்பது சில நேரம் கேட்கப்படும், சில நேரம் மறந்துபோகும்.

இப்போது வயிற்றைத் தள்ளிக்கொண்டு வரும் தெருப் பெண்கள் என்னிடம், "ஆன்ட்டி, எது நல்லது? நீங்க ரெண்டையும் பார்த்தவங்களாச்சே?" என்று கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் டைப் அடித்தே காலத்தை ஓட்டியவள். வலியையும் பார்த்தேன், கத்தியையும் பார்த்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அதிலும் நான் பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தால் தெருவுக்கு ஓடுகிறவள். அதனால் நான் சொல்வதெல்லாம் ஒரு பயந்தாங்கொள்ளியின் சாட்சியம்தான்.

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்தேன். அப்போது அங்கே வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். மழைக்காலத்தில் மனைகளில் தண்ணீர் நின்று, தவளைச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என் அம்மா போய்விட்டார். கோவிலம்பாக்கத்தில் அப்பாவும் அண்ணனும் மட்டும்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். தாயே இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று மாமியார் என்னைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது, "எங்க வூட்டுக் கொழந்தை எங்க வூட்டுல பொறந்தா இன்னா தப்பு? சோறு நான்தானே போடறேன்?" என்று ஒரே போடாகப் போட்டு வாயை அடைத்தார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் தெரு முழுக்கக் கேட்கும். எனக்கு வாந்தி வந்தால் முதுகைத் தடவிக்கொண்டே சத்தமில்லாமல் நிற்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பேச்சு என்னை நடுங்கவைத்தது. "நான் அஞ்சு பெத்தேன். ஒரு தபா கூட ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சதில்ல" என்பார் பெருமையாக. "கத்தி வெச்சுட்டா ஆயுசுக்கும் இடுப்பு போச்சு. தண்ணிக் கொடத்தத் தூக்க முடியாது." எதிர்வீட்டு அக்கா இன்னொரு பக்கத்திலிருந்து பயமுறுத்துவார். அவருக்கு மூன்றும் சுகப்பிரசவம். ஆனால் அந்தச் சுகத்தை அவர் விவரிக்கும்போது எனக்கு உள்ளங்கை வியர்க்கும். "இடுப்பு எலும்பெல்லாம் பொடிப்பொடியா ஒடியற மாதிரி இருக்கும்டி. அப்புறம் மறந்துடும், கவலைப்படாதே" என்பார். மறந்துவிட்டதாகச் சொல்கிறவர் இவ்வளவு விவரமாகச் சொல்கிறாரே என்று நான் கவலைப்படுவேன்.

முதல் குழந்தைக்கு எனக்கு வலி வந்தது. அக்கா சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. மேற்குத் தாம்பரத்தில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு லேடி டாக்டரின் சின்ன நர்சிங் ஹோம். பகல் முழுக்கக் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதுவரை கும்பிடாத சாமிகளையும் கும்பிட்டேன். வலி அலையாக வரும், போகும். போகும்போது அடுத்தது வரப்போகிறதே என்ற பயம் வரும். அந்த இடைவேளைதான் வலியைவிட மோசம். கடைசியில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "தலை இறங்கலம்மா. குழந்தையோட ஹார்ட் பீட் குறையுது. இதுக்கு மேல வெயிட் பண்ண முடியாது, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்.

பெரிய விளக்குக்குக் கீழே ஒரு மேஜையில் ஏற்றினார்கள். "இறால் மாதிரி சுருண்டு படும்மா" என்றாள் நர்ஸ். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு எப்படிச் சுருள்வது? முதுகில் ஊசி இறங்கியது. இடுப்புக்குக் கீழே என் உடம்பு என்னுடையதாக இல்லாமல் போனது. வலி இல்லை. ஆனால் யாரோ என் வயிற்றுக்குள் கையை விட்டு எதையோ இழுப்பது தெரிந்தது. பெட்டியில் துணியைத் துழாவுவது போல. வலிக்காததுதான் அதில் பெரிய பயங்கரம். பிறகு வீலென்று ஓர் அழுகை. "பொண்ணு" என்றார்கள்.

வெளியே எதிர்வீட்டு அக்கா அத்தையிடம் வழக்கமான வரிசையில் கேட்டிருக்கிறார். பெண் குழந்தை என்று சொன்ன அத்தை, அடுத்த கேள்விக்குக் குரலைத் தாழ்த்தி, "கத்தி வெச்சுட்டாங்கம்மா" என்றாராம். ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குச் சொல்வது போலச் சொன்னதாக அக்காவே பிறகு எனக்கு நடித்துக் காட்டினார்.

என் பக்கத்துக் கட்டிலில் சுகப்பிரசவமான ஒரு பெண் இருந்தாள். அன்று சாயங்காலமே எழுந்து பாத்ரூமுக்கு நடந்தாள். பன்னை டீயில் தோய்த்துத் தின்றாள். எனக்கு ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டதோடு சரி. தாகத்தில் அந்தப் பஞ்சைக் கடித்து விழுங்கியிருப்பேன். பொறாமையில் அவளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தேன், திரும்பவும் முடியவில்லை. ஆனால் அவள் உட்கார முயன்றபோது முகம் போன போக்கைக் கண்டேன். குழந்தை வெளியே வரக் கீழே கத்தரித்துத் தைத்திருந்தார்களாம். ஒரு தொடையில் பாரத்தைப் போட்டு, மூச்சைப் பிடித்து, அங்குலம் அங்குலமாக உட்கார்ந்தாள். "உங்களுக்கென்ன அக்கா, வலியே இல்லாம எடுத்துட்டாங்க" என்றாள் என்னிடம். எனக்கு இருமல் வந்தது. இருமினால் தையல் பிரிந்து குடல் வெளியே வந்துவிடும் என்று பயந்து, தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய இருமினேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வயிற்றை அறுத்தவர்களுக்குக் காற்றுப் பிரிந்தால்தான் சாப்பாடு. டாக்டர் வந்து கேட்டார். நர்ஸ் கேட்டாள். ஆயா கேட்டாள். என் கணவர் சன்னலைப் பார்த்தபடி, கூச்சத்தோடு, "ஆச்சா?" என்றார். கோவிலம்பாக்கத்திலிருந்து வந்த அப்பா என்னைக் கேட்க முடியாமல் அத்தையைக் கேட்டார். கடைசியில் அது நடந்தபோது அத்தை வராண்டாவுக்கு ஓடி எல்லோருக்கும் அறிவித்தார். பரீட்சையில் பாஸ் செய்தபோதுகூட என் வீட்டில் இவ்வளவு சந்தோஷம் இல்லை.

மகளுக்கு மூன்று வயதாகும்போது மறுபடியும் நாள் தள்ளிப்போனது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அந்த மேஜைதான் நினைவுக்கு வந்தது. அதே டாக்டரிடம் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"நார்மலுக்கு முயற்சி பண்ணலாம்மா. ஆனா உள்ள, கர்ப்பப்பையில, ஒரு பழைய தையல் இருக்கு. பெரும்பாலும் தாங்கும். எப்பவாவது ஒருத்தருக்கு வலி வேகத்துல விட்டுப் போயிடும். வேண்டாம்னா முன்கூட்டியே தேதி வெச்சு ஆபரேஷன் பண்ணிடலாம். அதுலயும் ரத்தப் போக்கு, இன்ஃபெக்ஷன், திரும்ப ஒரு தையல்னு இருக்கு. ரெண்டுலயும் ரிஸ்க் இருக்கு. யோசிச்சுச் சொல்லு."

ரெண்டுலயும் இருக்கு! பயந்தவளுக்கு ஒரு பக்கமாவது பயமில்லாமல் இருக்க வேண்டாமா? நார்மலே பார்க்கலாம் டாக்டரம்மா என்று வாய் சொல்லிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் பன் தின்றவள்தான் அப்போது மனதில் வந்தாள்.

"வீடு ரயில்வே கேட்டுக்கு எந்தப் பக்கம்?" என்றார் டாக்டர்.

"கிழக்குப் பக்கம். ராஜகீழ்ப்பாக்கம்."

"அப்ப இன்னும் கவனமா கேட்டுக்கோ. வலின்னு தோணின உடனே கிளம்பு. சூட்டு வலியா, பிரசவ வலியான்னு வீட்ல உக்காந்து ஆராய்ச்சி பண்ணாதே. அதை நான் பார்த்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அத்தையிடம் ஒப்பித்தேன். "நார்மலுக்கு முயற்சி பண்ணலாம்" என்ற முதல் வார்த்தையிலேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பின்னால் நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் அத்தை முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "நான் அஞ்சு பெத்தேன்" என்று வழக்கம்போல ஆரம்பித்தார். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. என் கணவர் ஒருவர், திருச்சியில் வேலை பார்க்கும் கொழுந்தன் ஒருவர். இரண்டு பேரைத்தானே நான் பார்த்திருக்கிறேன்?

"மத்த மூணு பேரு அத்தை?"

"ஒண்ணு காய்ச்சல்ல போச்சு. ஒண்ணு பேர் வெக்கறதுக்குள்ள போச்சு." முறத்தை ஒருமுறை புடைத்தார். "ஒண்ணு அழுவவே இல்ல."

அவரே சொன்னார். "நல்லா கொழுகொழுன்னு பொறந்துச்சும்மா. தலை நெறைய முடி. நான் படுத்துக்கினே காதை வெச்சுக்கினு கெடக்கேன். இப்ப அழுவும், இப்ப அழுவும்னு. மருத்துவச்சி தட்டறா, உலுக்கறா, தண்ணி தெளிக்கறா. அழுவல." பிறகு குனிந்து மறுபடியும் கல் பொறுக்கத் தொடங்கினார். அந்த அரிசியில் கல்லே இல்லை. முன்பே இரண்டு தடவை பொறுக்கி முடித்த அரிசி அது.

அதுவரை எனக்கு இரண்டு பயம்தான் இருந்தது. வலி ஒன்று, கத்தி ஒன்று. அன்றிலிருந்து பிள்ளை வெளியே வந்தபிறகு அழாமல் இருக்கும் அந்த நேரமும் சேர்ந்துகொண்டது. அத்தையின் பெருமைப் பேச்சை அதற்கப்புறம் என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

நல்ல கோடைக் காலம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு காலை என் கணவர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிப்போன பிறகு, அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி வந்து போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அத்தை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"வலி வந்துக்கீதா?"

"லேசா. டாக்டர் உடனே வரச் சொன்னாங்க அத்தை."

"சூட்டு வலியா இருக்கும். வெயில் இன்னா போடு போடுது பாரு. இரு, சீரகம் வறுத்துக் கஷாயம் போட்டுத் தர்றேன். சூட்டு வலின்னா அடங்கிடும். நெஜ வலின்னா எகிறும். எகிறுச்சுன்னா அடுத்த நிமிஷம் ஆட்டோவ கூப்புடலாம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சும்மா வலிக்குப் போய் நின்னேன்னு வெச்சுக்க, வந்தது வந்துட்ட, அறுத்துடலாம்னு அறுத்துப்புடுவாங்கமே."

எங்கள் பக்கத்தில் பிரசவ வலியைத் தெரிந்துகொள்ள எல்லா வீட்டிலும் செய்கிற சோதனை இது. சீரகத்தைக் கருக வறுத்து, தண்ணீர் ஊற்றிச் சுண்டவைத்து, பனைவெல்லம் போட்டுத் தருவார்கள். அத்தை அவருடைய அம்மாவிடம் குடித்தார். எதிர்வீட்டு அக்கா மூன்று தடவையும் குடித்தார். டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் கிளம்பிப் போவது என்றால் அந்த மேஜை, அந்த விளக்கு, அந்த இறால் மாதிரி சுருள்வது. சூட்டு வலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று என் மனசும் கெஞ்சியது. டம்ளரை வாங்கிச் சுடச்சுடக் குடித்தேன்.

வலி அடங்கவில்லை, எகிறியது. நான் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். "எகிறுது, எகிறுது" என்று அத்தை பரபரப்போடு பையை எடுத்துப் பழைய புடவைகளை அடைக்க ஆரம்பித்தார். அப்போது அடிவயிற்றில், பழைய தையல் இருந்த இடத்தில், பளீரென்று ஒரு வெட்டு வலி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அத்தோடு நின்றுவிட்டது. விளக்கை அணைத்த மாதிரி வலி சுத்தமாக நின்றுபோனது.

"நின்னுடுச்சு அத்தை" என்றேன் ஆச்சரியத்தோடு.

"நெஜமாவா?" அத்தை பையைக் கையில் வைத்தபடியே காத்திருந்தார். அடுத்த வலி வரவில்லை. வரவே இல்லை. அவர் பெருமூச்சு விட்டுப் பையைத் திரும்ப அலமாரியில் வைத்தார். சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா, "அப்ப சூட்டு வலிதான். சீரகம்னா சீரகம்தான், எந்த டாக்டர் வந்து சொல்லணும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கழுத்துக்கு வந்த கத்தி நழுவிப்போன நிம்மதி எனக்கு. பசிக்கும், சாப்பிடு என்று அத்தை அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டார். நான் சமையலறை வாசற்படிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தேன்.

என் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு ஒரு பழக்கம் இருந்தது. தோசை மாவு கல்லில் விழுந்து சுர்ரென்றதும் ஓர் உதை உதைக்கும். என் கணவர்கூட, "பிறக்கறதுக்கு முன்னாடியே சாப்பாட்டு ராமன்" என்று கேலி செய்வார். அன்று தோசை சுர்ரென்றது. நான் என்னை அறியாமல் உதைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

தூங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வலது தோள்பட்டையில் எதற்கென்று தெரியாத ஒரு வலி ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கோடைப் புழுக்கத்தில் என் நெற்றி சில்லென்று வியர்த்தது. புடவையின் மேலாகவே தழும்பை விரலால் தொட்டேன். உயிர் போய் உயிர் வந்தது.

"இன்னொண்ணு ஊத்துங்க அத்தை."

"இது இன்னும் வேகலையே."

"ஊத்துங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, அத்தை வேகாத தோசையை அப்படியே வழித்துப் போட்டுவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். சுர்ரென்றது. நான் இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். ஒன்றுமில்லை.

"அத்தை, குழந்தை அசையல."

கரண்டியைப் போட்டுவிட்டு வந்து என் வயிற்றில் கையை வைத்தார். வைத்த கையை மெல்ல நகர்த்தினார். வலி வரும்போதெல்லாம் கல்லாக இறுகிய வயிறு அப்போது வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் ஈயாடவில்லை. முறத்தில் இல்லாத கல்லைப் பொறுக்கிய அன்று பார்த்த அதே முகம்.

"கெளம்பு" என்றார். "கத்தி வெச்சா வெச்சுக்கட்டும். கெளம்பு."

அக்கா ஜங்ஷனுக்கு ஓடி ஆட்டோ கூட்டிவந்தார். மகளை அவரிடம் விட்டுவிட்டு நானும் அத்தையும் ஏறினோம். சாலையின் ஒவ்வொரு பள்ளமும் வயிற்றுக்குள் இறங்கியது. தாம்பரம் வந்தது. கேட் மூடியிருந்தது.

முன்னால் பஸ், லாரி, தண்ணீர் வண்டி, சைக்கிள்கள். அத்தை இறங்கிப் போய் கேட்மேனிடம் கையை நீட்டி நீட்டிக் கத்துவது தெரிந்தது. "எக்ஸ்பிரஸ் வருதும்மா, நான் இன்னா பண்ணுவேன்?" என்று அவர் பதிலுக்குக் கத்தினார். எக்ஸ்பிரஸ் போனது. கேட் திறக்கவில்லை. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் மின்வண்டி வரவேண்டுமாம். எனக்கு வாய் உலர்ந்து, சத்தமெல்லாம் தூரத்தில் கேட்பது போல ஆகிவிட்டது. செத்துப்போய்விடுவேன் என்று நினைத்தேன். அதைவிட, உள்ளே இருப்பது ஏற்கனவே போய்விட்டதோ என்று நினைத்தேன். மகளுக்குத் தலை பின்னாமல் வந்துவிட்டோமே என்றும், சம்பந்தமே இல்லாமல், நினைத்தேன்.

அத்தை திரும்பி வந்து ஆட்டோவுக்குள் ஏறினார். சுற்றி அத்தனை ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து என் வயிற்றில் காதை வைத்தார். மின்வண்டி தடதடவென்று கடந்துபோயிற்று. அந்தச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டிருக்க முடியும்? ஆனாலும் காதை எடுக்கவில்லை. கேட் திறந்து, எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தபோதும் எடுக்கவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்ததும் எப்போது வலி ஆரம்பித்தது என்று கேட்கவில்லை. வயிற்றில் கை வைத்தவுடன் அவர் கேட்டது, "எப்ப வலி நின்னுச்சு?"

அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தைதான் பதில் சொன்னார். "கஷாயம் குடிச்சா டாக்டரம்மா... அடங்கிடுச்சு... சூட்டு வலின்னு..." கடைசி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுபோனது. டாக்டர் நர்ஸிடம் தியேட்டர் என்று ஒரே வார்த்தை சொன்னார். எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள்.

இறால் மாதிரி சுருளவெல்லாம் நேரமில்லை. கையில் ஊசி குத்தினார்கள், முகத்தில் ரப்பர் மூடியை வைத்தார்கள். அத்தனை மாதமாகக் கத்தியை நினைத்து நடுங்கியவள் நான்தான். அந்த மேஜையில் கிடந்து, "அறுங்க டாக்டரம்மா, சீக்கிரம் அறுத்துடுங்க" என்று கெஞ்சியவளும் நான்தான். அதோடு எனக்கு நினைவு போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்தது ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை பெஞ்சில் உட்காரவில்லை. தியேட்டர் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, கதவில் காதை வைத்துக்கொண்டாராம். உள்ளே கத்திகள் தட்டில் விழும் சத்தம் கேட்டது. டாக்டர் அதட்டும் சத்தம் கேட்டது. எடுத்தாச்சு என்று யாரோ சொன்னது கேட்டது. அழுகை கேட்கவில்லை. பாதத்தில் சுள்ளென்று தட்டுவது கேட்டது. சளியை உறிஞ்சும் குழாயின் சத்தம் கேட்டது. மறுபடியும் தட்டினார்கள். அப்போதும் அழுகை கேட்கவில்லை. "எந்திரிம்மா, வந்து பெஞ்சுல உக்காரு" என்று ஆயா கையைப் பிடித்து இழுத்ததற்கு, "கம்முனு இருமே, கேக்கணும்" என்று அத்தை ஆயாவின் வாயைப் பொத்தினாராம்.

எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்புறம் பூனைக்குட்டி முனகுவது போல ஒன்று கேட்டது. அப்புறம் நிஜமான அழுகையாகவே கேட்டது. நர்சிங் ஹோமிலிருந்து ஆபீசுக்கு வந்த போனைக் கேட்டு என் கணவர் ஸ்டேஷனிலிருந்து ஓடிவந்தபோது, அத்தை அதே இடத்தில், கதவிலிருந்து காதை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சும்மா என்று கேட்டவரின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாராம்.

மறுநாள் டாக்டர் எனக்கு விளக்கினார். பழைய தையல் விட்டுப்போயிருந்தது. அதனால்தான் வலி நின்றது. உள்ளே கசிந்த ரத்தம்தான் தோள்பட்டையில் வலியாகத் தெரிந்ததாம். சீரகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குழந்தை கர்ப்பப்பையை விட்டு முழுக்க வெளியே நழுவுவதற்குள் எடுத்துவிட்டார்கள். இன்னொரு ரயில் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இனிமேல் பிள்ளை வேண்டாம் என்று கருத்தடையும் செய்திருந்தார்.

அதனால் எது நல்லது என்று கேட்கிற பெண்களுக்கு நான் என்ன சொல்ல? சுகப்பிரசவம் ஆனவள் அன்றைக்கே எழுந்து நடப்பாள், பன் தின்பாள். ஆனால் அதற்கு முன்னால் அந்த வலி இருக்கிறது, உட்கார முடியாத தையலும் சில பேருக்கு இருக்கிறது. அறுத்துக்கொண்டவளுக்கு அப்போது வலிக்காது. பிறகு இருமக்கூட யோசிக்க வேண்டும், அடுத்த பிள்ளைக்கும் அந்தத் தழும்பு கூடவே வரும். உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பது டாக்டருக்குத்தான் தெரியும். வாய் திறந்து கேளுங்கள், இரண்டு தடவை கேளுங்கள். முன்பே ஒருமுறை அறுத்திருந்தால், வலி வந்தாலும் ஓடுங்கள், வந்த வலி திடீரென்று நின்றாலும் ஓடுங்கள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் கை தன்னால் தழும்புக்குப் போய்விடுகிறது. பயம் எனக்குப் போகவில்லை. போகும் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஆபரேஷன் ஆன அன்று சாயங்காலம், நான் கண் விழித்த கொஞ்ச நேரத்தில், எதிர்வீட்டு அக்கா என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பிரெட்டும் ஆப்பிளுமாக வந்தார். நாங்கள் ஆட்டோவில் ஏறியதோடு சரி, நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கையில் பச்சைக்குழந்தையை வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார் அத்தை. அவருடைய வலது காதில் கதவின் விளிம்பு பதிந்த சிவப்பு இன்னும் போகவில்லை.

"என்ன குழந்தை?" என்றார் அக்கா.

"ஆம்பளப் புள்ள."

"நார்மலா, சிசேரியனா?"

"அழுதுச்சு" என்றார் அத்தை.

"அதில்லம்மா, நார்மலா ஆச்சா, ஆபரேஷனான்னு கேட்டேன்."

"அதான் சொல்றேனே" என்றார் அத்தை, குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல். "அழுதுச்சும்மா. நல்லா அழுதுச்சு."